கோயிலும் கடைவீடும் நிலைத்தால்தான் ஊர் நிலைக்கும்

ஜோகூர் பாருவின் பழைய நகரப் பகுதிக்குப் புதிதாக வருகிறவர் வழி கேட்டால், அங்குள்ளவர்கள் சாலையின் பெயரைச் சொல்வதைவிட ஓர் அடையாளத்தைச் சொல்வதுதான் வழக்கம். "மாரியம்மன் கோயிலைத் தாண்டி வாருங்கள்", "சீனக் கோயிலுக்கு எதிரே", "பழைய ரயில் நிலையத்துப் பக்கம்" என்பார்கள். சாலையின் பெயர் மாறலாம், கடைகள் கைமாறலாம். மக்கள் மனத்தில் ஊரின் வரைபடம் இந்தப் பழைய கட்டடங்களைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அவற்றில் ஒன்று இடிந்து போனால் ஊரின் ஒரு மூலைக்கு முகவரியே இல்லாமல் போய்விடுகிறது.

பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேசும்போது, சுற்றுப்பயணிகளுக்காகச் செய்ய வேண்டிய அலங்கார வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வேறு சிலர் அதை வளர்ச்சிக்குத் தடை என்கிறார்கள். உண்மையில் நீண்ட காலம் நிலைத்து நிற்கக்கூடிய ஊரை அமைப்பதற்கு இந்தக் கட்டடங்களே அடித்தளம். ஜோகூர் பாருவின் வரலாறு இதற்குச் சான்று. எந்தக் கட்டடம் தப்பியது, எது அழிந்தது, ஏன் என்று பார்த்தால் இந்தியர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் கிடைக்கும்.

ஓர் ஊர் பிறந்த கதை

1855-ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் ஜோகூர் நீரிணையின் கரையில் தஞ்சோங் புத்திரி என்ற ஊரை அமைத்தார். அவருடைய மகன் அபு பாக்கார் 1866-இல் அதற்கு ஜோகூர் பாரு என்று பெயர் சூட்டினார். அதே ஆண்டில் இஸ்தானா பெசார் அரண்மனையும் எழுந்தது. காட்டை அழித்துக் கம்பீரும் மிளகும் பயிரிட வந்த சீனர்கள், ஆற்றுக்கு ஓர் தலைவர் என்ற கங்சு முறையில் குடியேறினார்கள். அந்த முறை 1917-இல் ஒழிக்கப்படும் வரை ஜோகூரின் உட்புறம் அவர்கள் கையிலேயே வளர்ந்தது.

பிறகு ரப்பர் வந்தது. 1909-இல் ஜோகூர் மாநில ரயில் பாதை முழுமை பெற்று, வடக்கேயிருந்து வந்த ரயில் நீரிணையின் கரை வரை ஓடியது. அங்கிருந்து சிங்கப்பூருக்குப் படகில்தான் போக வேண்டும். 1919-இல் தொடங்கிய ஜோகூர் பாலத்தின் கட்டுமானம் 1923-இல் ரயில் ஓடும் நிலைக்கு வந்து, 1924-இல் முறைப்படி திறப்பு விழா நடந்தது. ரயில் பாதை அமைக்கவும், சாலை போடவும், ரப்பர் மரம் சீவவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தக் காலத்தில்தான் ஜோகூரில் பெருகினார்கள்.

ராஜா என்ற பெயருக்குள் ஒரு நிலப்பட்டா

ரயில் வந்து இரண்டே ஆண்டுகளில், 1911-இல், ஜாலான் உங்கு புவானில் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுந்தது. கூத்தபெருமாள் வாண்டையார் என்பவர் அதை நிறுவினார். நிலத்தை வழங்கியவர் அன்றைய ஜோகூர் சுல்தான். ஆகவேதான் அம்மனுக்கு ராஜமாரியம்மன் என்ற பெயர் நிலைத்தது. பிழைக்க வந்த மக்கள் தங்கள் அம்மனின் பெயரிலேயே ஆட்சியாளரின் கொடையைப் பதிவு செய்து வைத்தார்கள் என்று சொல்லலாம்.

கோயில் வந்ததும் அதைச் சுற்றி ஒரு வாழ்க்கை வந்தது. பூமாலைக் கடை, துணிக்கடை, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை என்று ஜாலான் உங்கு புவான் இந்தியர்களின் தெருவாக ஆயிற்று. அருகிலுள்ள ஜாலான் டோபியின் பெயரே அங்கு தொழில் செய்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களை நினைவூட்டுகிறது. அந்தத் தெருவில் 1937-இல் இந்திய முஸ்லிம் குடும்பம் ஒன்று தொடங்கிய சலாவுடின் ரொட்டிக் கடையும், பக்கத்துத் தெருவில் 1919-இல் தொடங்கி விறகு அடுப்பிலேயே பண் சுட்ட சீனர் ரொட்டிக் கடையும் பழைய நகரின் அடையாளங்களாக ஆயின.

சில நிமிட நடையில் ஜாலான் துருஸுக்குப் போய்விடலாம். 1870-இல் கட்டப்பட்ட பழைய சீனக் கோயில் அங்கே இருக்கிறது. தியோசியூ, ஹொக்கியன், காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்ற ஐந்து மொழிக் குழுவினரும் ஆளுக்கொரு தெய்வத்தை வைத்து ஒரே கூரையின் கீழ் வழிபடும் கோயில் அது. அதே சாலையில் சீக்கியர்களின் குருத்வாரா. சற்றுத் தள்ளி 1883-இல் தோன்றிய கத்தோலிக்க தேவாலயம். கடற்கரையோரம் 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் பள்ளிவாசல். அதன் மினாராக்கள் இங்கிலாந்தின் மணிக்கூண்டுகளைப் போலத் தோற்றமளிக்கும். இத்தனை சமயங்களின் வழிபாட்டு இடங்களை ஒரே காலை நேரத்தில் நடந்தே பார்த்துவிடக்கூடிய நகரங்கள் அதிகம் இல்லை.

1991 தந்த அதிர்ச்சி

இந்த அமைதியான காட்சிக்குள் ஒரு கசப்பான நிகழ்ச்சியும் உண்டு. 1991-இல் பழைய சீனக் கோயிலின் முன்வாயிலும் அதைச் சார்ந்த கட்டடப் பகுதியும் இடிக்கப்பட்டன. நூற்றிருபது ஆண்டுப் பழமை ஒரே நாளில் கல்லும் மண்ணுமாகக் கிடந்ததைக் கண்டு சீன சமூகம் கொதித்தது.

அந்தக் கொதிப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை. சங்கங்கள் கூடின, பணம் திரட்டப்பட்டது, எஞ்சிய கோயிலைப் பழைய முறைப்படியே செப்பனிடும் வேலை 1990-களின் நடுப்பகுதியில் நடந்தேறியது. பழைய பொருள்களைக் காக்கும் எண்ணமும் வலுப்பெற்றது. சீனப் புத்தாண்டு மாதத்தில் ஐந்து தெய்வங்களும் நகர்வலம் வரும் சிங்காய் ஊர்வலம் அதன் பிறகு மேலும் பெரிதாக வளர்ந்தது. 2009-இல் ஜாலான் இப்ராஹிமில் சீனர் பாரம்பரிய அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஒரு வாயிலை இழந்த சமூகம் அந்த இழப்பிலிருந்து ஓர் அமைப்பையே உருவாக்கிக்கொண்டது.

ஆற்றை மூடி, மீண்டும் திறந்த நகரம்

பழைய அடையாளம் என்றால் கட்டடம் மட்டும்தான் என்று எண்ண வேண்டியதில்லை. ஜாலான் வோங் ஆ ஃபூக்கை ஒட்டி ஓடும் செகெட் ஆற்றைச் சுற்றித்தான் ஜோகூர் பாருவின் வணிகம் வளர்ந்தது. காலப்போக்கில் அது சாக்கடையாக மாறியது. நாற்றம் தாங்காமல் 2000-களில் ஆற்றின் மீது சிமெண்டுத் தளம் போட்டு மூடினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போனதே தவிர, அழுக்கு போகவில்லை. 2010-களில் அந்தத் தளத்தை உடைத்து, கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆற்றை மறுபடியும் திறந்துவிட்டார்கள். மூடுவதற்கு ஒரு செலவு, திறப்பதற்கு அதைவிடப் பெரிய செலவு. ஊர் எதனால் பிறந்ததோ அதை மறைத்துவிட்டு ஊரை அழகாக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

வேலை இல்லாத கட்டடம்

புக்கிட் திம்பாலான் குன்றின் மீது நிற்கும் சுல்தான் இப்ராஹிம் கட்டடம் 1940-இல் திறக்கப்பட்டபோது மலாயாவிலேயே மிக உயரமான கட்டடங்களில் ஒன்றாக விளங்கியது. 1942-இல் ஜப்பானியப் படை சிங்கப்பூரைத் தாக்கியபோது அந்தக் கோபுரத்திலிருந்துதான் நீரிணையின் மறுகரையை நோட்டமிட்டார்கள். போருக்குப் பின் பல பத்தாண்டுகள் மாநில அரசின் தலைமைச் செயலகமாக அது இயங்கியது. 2009-இல் அரசு நிர்வாகம் கோத்தா இஸ்கண்டாருக்கு மாறியதும், ஆயிரக்கணக்கான ஊழியர்களும் அலுவலாக வந்து போன பொதுமக்களும் பழைய நகரை விட்டு நகர்ந்தார்கள். கட்டடம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதைச் சுற்றிய உணவுக் கடைகளுக்கும் தட்டச்சுக் கடைகளுக்கும் வந்துகொண்டிருந்த கூட்டம் இல்லாமல் போயிற்று.

ரயில் நிலையத்தின் கதையும் இதைப் போன்றதுதான். ஜோகூர் பாருவின் பழைய ரயில் நிலையக் கட்டடமும், சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையமும் ஒரே ஆண்டில், 1932-இல், எழுந்தவை. ஜோகூர் பாரு நிலையம் 2010 அக்டோபரில் புதிய ஜேபி சென்ட்ரலுக்கு இடம் கொடுத்தது. தஞ்சோங் பகார் 2011-இல் மூடப்பட்டது. இரண்டுமே இடிக்கப்படவில்லை என்பது நல்ல செய்தி. சிங்கப்பூர் ஒரு படி மேலே போய், தஞ்சோங் பகார் நிலையத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்து, புதிய எம்ஆர்டி நிலையம் ஒன்றோடு இணைத்துத் திட்டமிட்டது. பழைய கட்டடத்துக்குப் புதிய வேலை கொடுத்தால் அதைக் காப்பதற்கான செலவைக் கட்டடமே ஓரளவு சம்பாதித்துக்கொள்ளும்.

அஞ்சடியின் அறிவு

இன்று உலகெங்கும் "நீடித்து நிலைக்கும் ஊரமைப்பு" என்று பேசப்படும் பலவற்றைப் பழைய கடைவீடுகள் எப்போதோ செய்து காட்டிவிட்டன. கீழே கடை, மேலே வீடு. வேலைக்குப் போக வண்டி தேவையில்லை. கடைக்கு முன்னால் மக்கள் நடக்க அஞ்சடி. 1822-ஆம் ஆண்டு சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ் கட்டாயமாக்கிய இந்த நடைவழி, பிறகு மலாயா முழுவதும் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் குடை இல்லாமல் தெரு முழுக்க நடந்து போகலாம். வீட்டின் நடுவில் திறந்த முற்றம் இருக்கும். சூடான காற்று அதன் வழியே மேலே போக, கீழே குளிர்ச்சி தங்கும். பகலில் விளக்கும் வேண்டியதில்லை.

இந்தச் சுவர்களைச் செப்பனிடுவதிலும் ஓர் அறிவு வேண்டும். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரையால் பூசப்பட்டது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்துவிடும். பழைய கட்டடம் சீக்கிரம் கெட்டுப் போகிறது என்று சொல்லி இடிப்பவர்கள், அதைக் கெடுத்தது எது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஒரு கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால், சிமெண்டும் இரும்பும் உற்பத்தி செய்ய எரித்த எரிபொருளின் புகை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதே பல சமயங்களில் சுற்றுச்சூழலுக்குச் செலவு குறைந்த வழி.

பட்டா இல்லாத கோயில்கள்

நகரத்துக் கோயிலுக்கு ஆட்சியாளரின் கொடை கிடைத்தது. தோட்டப்புறத்தில் அப்படி இல்லை. லயம், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, எல்லையில் முனியாண்டி, நடுவில் மாரியம்மன் என்று ஒவ்வொரு தோட்டமும் ஒரு சிறு கிராமமாக இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் அது நின்ற நிலம் கம்பெனியின் நிலம். கோயிலுக்கும் அதே நிலைதான். துரையின் வாய்மொழி அனுமதியே பட்டாவாக இருந்தது.

தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறத் தொடங்கியபோது அந்த வாய்மொழிக்கு மதிப்பில்லாமல் போயிற்று. தெற்கு ஜோகூரில் 2,217 சதுர கிலோமீட்டர் பரப்பில், சிங்கப்பூரைப் போல மூன்று மடங்கு அளவில், இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டம் 2006 நவம்பரில் தொடங்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. புதிய தாமானின் பெயர்ப் பலகையில் பழைய தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே பெரிது. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு கிணறுகூட மிஞ்சாத குடும்பங்கள் எத்தனையோ.

ஜோகூர் பாருவிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தெப்ராவ் சாலையை ஒட்டி, ரயில் தண்டவாளத்தின் அருகே, 1922-இல் சிறு குடிசையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோயில், சுல்தான் வழங்கிய நிலத்தில் நின்றதால் இடம் பெயராமல் நிலைத்தது. 1990-களில் புதுப்பிக்கப்பட்டு, 2009-இல் ஏறத்தாழ மூன்று லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்ட கண்ணாடிக் கோயிலாக அது மறுபிறவி எடுத்தது. வெளிநாட்டார் தேடி வரும் இடமாகவும் ஆயிற்று. பழைய குடிசையின் உருவம் போய்விட்டது உண்மை. ஆனால் இடம் தொடர்ந்தது, வழிபாடு தொடர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1976-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்தவற்றையே பெரிதும் கருத்தில் கொண்டது. அதற்குப் பதிலாக வந்த 2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டத்தில், வயதை மட்டும் பார்க்காமல் வரலாற்று, சமூக, பண்பாட்டு முக்கியத்துவத்தையும் பார்க்க வழி உண்டு. ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஆபத்தில் உள்ள இடத்துக்குத் தற்காலிகப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கப் பாரம்பரிய ஆணையருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் சட்டம் தானாக நடந்து வந்து கட்டடத்தைக் காப்பதில்லை. சட்டம் அமலுக்கு வந்த 2006-ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரின் புகழ்பெற்ற போக் மாளிகை இடிக்கப்பட்டது. 2013-இல் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானதாகக் கருதப்பட்ட பதினோராவது சண்டி, நில மேம்பாட்டு வேலையின்போது தரைமட்டமான செய்தி வெளிவந்தது. தமிழர்களின் கடல்வழித் தொடர்புக்குச் சான்றாக நின்ற இடம் அது. அதுவும் தனியார் நிலத்தில், அரசிதழில் பதிவு பெறாமல் இருந்தது. எது பட்டியலில் இல்லையோ அதை இடிப்பவருக்குத் தடை இல்லை என்பதே அந்த நிகழ்ச்சி தந்த பாடம்.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எது சாலைக்கு, எது வழிபாட்டுக்கு என்று முடிவாவது அங்கேதான். புல்டோசர் வந்த பிறகு கூடும் ஆயிரம் பேரைவிட, வரைவு வைக்கப்பட்டபோது பட்டா நகலோடும் பழைய படத்தோடும் போய் எழுதிக் கொடுக்கும் பத்துப் பேர் அதிகம் சாதிக்க முடியும்.

திருப்பணியும் பாதுகாப்பும்

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்பது தமிழர்களின் வழக்கம். பராமரிப்பையே ஒரு வழிபாடாக ஆக்கி வைத்த முன்னோரின் ஏற்பாடு அது. ஆனால் ஒவ்வொரு திருப்பணியிலும் பழைய மரத் தூணையும் ஓட்டுக் கூரையையும் கழற்றி எறிந்துவிட்டு, கான்கிரீட்டும் பளிங்கும் போடுவதே பெருமை என்ற எண்ணமும் வளர்ந்துவிட்டது. திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் நடந்த திருப்பணி இதற்கு மாற்று வழி காட்டியது. பிற்காலத்தில் சேர்ந்த இடையூறுகளை அகற்றி, பழைய மழைநீர் வடிகால் அமைப்பை மீட்டெடுத்ததற்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அக்கோயிலுக்குக் கிடைத்தது. சாத்திரமும் கெடவில்லை, பழமையும் கெடவில்லை.

கட்டடத்தோடு மனிதர்களையும் காக்க வேண்டும் என்பதற்குப் பினாங்கு சான்று. வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிவுக்கு வந்ததும் ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளில் தலைமுறையாக வாழ்ந்த பலர் வெளியேற நேர்ந்தது. 2008-இல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற தகுதி வந்தபோது சுவர்கள் இருந்தன, பழைய குடிகள் பலர் இல்லை. ஜோகூர் பாருவின் ஜாலான் தான் ஹியோக் நீ போன்ற தெருக்களில் காப்பிக் கடைகள் பெருகும்போது, பூ கட்டுகிறவருக்கும் துணி தைக்கிறவருக்கும் அங்கே இடம் இருக்குமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது

பழைய நகரின் மீது அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் பாதை, ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பயணிகளை ஏற்றிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஜோகூர், சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. நில விலை ஏற ஏற, இரண்டு மாடிக் கடைவீடு நிற்கும் இடத்தில் நாற்பது மாடி கட்டும் ஆசையும் ஏறும்.

ஆகவே ஒவ்வொரு கோயில் நிர்வாகமும் முதலில் தன் நிலப்பட்டாவைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இன்றே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தங்கள் பள்ளி எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் தொடங்கியது என்பதைப் படங்களோடு தொகுக்கலாம். இளைஞர் மணிமன்றங்கள், தோட்டத்தில் பிறந்து இன்று எண்பதைக் கடந்த பெரியவர்களின் நினைவுகளைக் குரல் பதிவாக எடுத்து வைக்கலாம். மாணவர்களை ஜாலான் துருஸிலிருந்து ஜாலான் உங்கு புவான் வரை ஒரு காலை நேரம் நடத்தி அழைத்துச் சென்றால், பாடநூலில் இல்லாத வரலாறு காலுக்குக் கீழேயே கிடைக்கும்.

1911-இல் கையில் காசு இல்லாத மக்கள் நிலம் கேட்டுப் பெற்றார்கள், கோயில் கட்டினார்கள், தெருவை உண்டாக்கினார்கள். படித்த பிள்ளைகளும் வழக்கறிஞர்களும் கட்டடக் கலைஞர்களும் உள்ள இன்றைய தலைமுறைக்கு அதைக் காப்பது அவ்வளவு கடினமான வேலை அல்ல. ஒரு கோப்பைத் திறந்து, பழைய பத்திரத்தையும் பழைய படத்தையும் அதில் வைப்பதிலிருந்து அந்த வேலை தொடங்குகிறது.